நல்ல நர்சுகள் வேலையை விட்டுப் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

செங்கோட்டை சிஸ்டர்:
வணக்கம். எல்லையோர தனியார் மருத்துவமனை ஒன்றில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். இந்த வருடம் நான்கு பேர் போய்விட்டார்கள், அதில் மூன்று பேர் ஆரியங்காவு தாண்டி கேரளாவுக்கு. சம்பளம்தான் காரணம் என்கிறது நிர்வாகம். கேரளாவில் 2018-லேயே தனியார் நர்சுகளுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அரசு நிர்ணயித்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் கடைசியாகப் போன பெண் சொன்னது வேறு.

ராத்திரி மூன்று மணிக்கு ஒரு பெரியவரின் யூரின் பேக்கைக் கவனித்திருக்கிறாள். அறுபது கிலோ உடம்பு, மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குச் சேர்த்தே அவ்வளவு இல்லை. பி.பி.யும் இறங்குகிறது. உடனே டியூட்டி டாக்டரை எழுப்பிவிட்டாள். பெரியவர் பிழைத்தார். காலை ரவுண்ட்ஸில், "நல்லவேளை, சீக்கிரம் பார்த்தோம்" என்றார் பெரிய டாக்டர். பார்த்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. "நீங்களாவது சொல்லியிருக்கலாமே அக்கா" என்றாள். அது இன்னும் உறுத்துகிறது. மே 12, நர்சுகள் தினம் வந்தால் கேக் வெட்டுகிறோம். அது போதாது. வேறென்ன செய்யலாம்?

வாளையார் அக்கா:
பாலக்காட்டில் எங்கள் இன்சார்ஜ் சேச்சி காலையில் ஷிஃப்ட் மாறி ஓவர் எடுக்கும்போதே பெயரோடு சொல்வார்: "ஆறாம் கட்டில் அம்மாவுக்கு ஊசி போட்ட இடம் வீங்கியதைக் கண்டுபிடித்தது இன்னார்." ஒரு நோட்டிலும் எழுதி வைப்பார். இன்கிரிமென்ட் பேச்சு வந்தால் அந்த நோட்டோடுதான் ஆபீசுக்குள் போவார். நான் பதினோரு வருடம் அங்கே இருந்தேன்.

புளியரைக்காரன்:
அப்பாவை டிஸ்சார்ஜ் செய்த அன்று டாக்டருக்குச் சால்வை போட்டோம். ஒன்பது நாள் அவரைத் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்தவர்கள் பெயர் தெரியவில்லை, எல்லோரும் "சிஸ்டர்"தான். கட்டிலுக்கு மேலே டாக்டர் பெயர் இருக்கிறதே, அன்றைய நர்சின் பெயரையும் எழுதுங்கள் அம்மா.

தென்காசி நைட் டூட்டி:
எல்லாம் சரி. ஆனால் ராத்திரி இருபது பேருக்கு ஒரே நர்ஸ், அப்புறம் வார ஆஃபும் ரத்து என்றால் பாராட்டே எரிச்சலாகத்தான் இருக்கும். முதலில் ஆஃபைக் காப்பாற்றிக் கொடுங்கள் சிஸ்டர்.

செங்கோட்டை சிஸ்டர்:
அடுத்த மாத ரோஸ்டரில் யாருடைய ஆஃபிலும் கை வைக்க விடமாட்டேன். பலகைகளில் இன்று பெயர் எழுதிவிட்டோம். பெரிய டாக்டரிடமும் போய் அந்த ராத்திரியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவள் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.