பனியில் எல்க், மண்டாயில் கடமான்

காட்டு விலங்குகளைப் பக்கத்தில் பார்த்த அனுபவத்தை எல்லாரும் எழுதுகிறீர்கள். என்னுடையது சிங்கப்பூரில் நடந்ததல்ல. யீஷூனில் வளர்ந்த நான், கால்நடை மருத்துவம் படித்தபோது ஒரு பனிக்காலம் முழுக்க அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் எல்க் மான்களின் உடல்நிலையை ஆராயும் குழுவோடு இருந்தேன். எல்க் நம் கடமானுக்கு உறவுதான், ஆனால் பெண் மானே 220 கிலோ இருக்கும்.

அங்கே மான்கள் பனிக்காலத்தில் இறங்கி மேய்ந்த பள்ளத்தாக்குகளை ஊர்களும் மாட்டுப் பண்ணைகளும் எடுத்துக்கொண்டன. மான்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டினியில் செத்தன. ஜாக்சன் ஊரை ஒட்டி 1912இல் தேசிய எல்க் சரணாலயம் அமைத்ததே அதனால்தான். அன்றிலிருந்து அந்தப் பகுதியில் பல இடங்களில் பனிக்காலத் தீவனம் போடுகிறார்கள்.

விடியும்போது தீவன வண்டியில் போவோம். மயக்க ஊசி பட்ட மான் சாய்ந்ததும் பனியில் விழுந்து எழுந்து ஓடுவோம். முதலில் கண்ணைத் துணியால் கட்ட வேண்டும், இருட்டானால் மான் அமைதியாகிவிடும். அசைபோடும் விலங்கு என்பதால் பக்கவாட்டில் படுக்க விடக்கூடாது. வயிறு உப்பிவிடும், இரைப்பையில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போகும். அதனால் நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, என் முழங்காலை அதன் விலாவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பேன். அந்தச் சூடும் மூச்சும் என் காலில் தெரியும். ஒருவர் காய்ச்சல் பார்ப்பார், ஒருவர் பல் தேய்மானத்தை வைத்து வயதைக் கணிப்பார், நான் கழுத்து நரம்பில் ரத்தம் எடுப்பேன். குழாய்கள் உறைந்துவிடாமல் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வேன். சினையா இல்லையா, கருவைக் கலைக்கும் புருசெல்லோசிஸ் என்ற நோய் தொற்றியிருக்கிறதா, இரண்டையும் அந்த ரத்தமே சொல்லிவிடும். மயக்கத்தைத் தெளியவைக்கும் மாற்று ஊசி போட்ட சில நிமிடத்தில் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விடும்.

மார்ச்சில் ஒரு காலை. தீவனம் கொட்டிய வரிசைக்குப் பக்கத்தில் கலைந்து விழுந்த கரு கிடந்தது. மூன்று பெண் மான்கள் குனிந்து அதை நக்கிக்கொண்டிருந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புருசெல்லோசிஸ் மாடுகளிடமிருந்து வந்த நோய். சினை மானுக்குக் கருவைக் கலைத்துவிடும், அந்தக் கருவையும் நீரையும் தொடும் மானுக்கு ஒட்டிக்கொள்ளும். மனிதருக்கும் வரும், அதனால் கையுறை போட்டுத்தான் அப்புறப்படுத்தினோம். காட்டில் பெண் மான் ஈனுவதற்குத் தனியாக ஒதுங்கிப் போகும், இடத்தையும் நக்கிச் சுத்தம் செய்துவிடும். தீவனத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கும் இடத்தில் அது எங்கே நடக்கும்?

மூளையை அரிக்கும் நலிவு நோய் இதைவிடப் பயங்கரம். அதற்கு மருந்தே இல்லை, நோயை உண்டாக்கும் புரதம் மண்ணில் பல வருடம் கிடக்கும். பக்கத்திலிருக்கும் கிராண்ட் டீட்டன் பூங்காவில் 2020இல் ஒரு எல்க்கிடம் அதைக் கண்டுபிடித்தார்கள். தீவனத்தை உடனே நிறுத்தினால் மான்கள் பட்டினி கிடக்கும், மாட்டுப் பண்ணைக்குள் போகும். இருந்தாலும் படிப்படியாகக் குறைத்தே ஆக வேண்டும் என்றுதான் அன்றிலிருந்து நினைக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் அத்தையிடம் இதைச் சொன்னேன். காட்டோரக் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொண்டுபோவது அவர் வழக்கம். 2020 ஜூனிலிருந்து இங்கே காட்டு விலங்குகளுக்குத் தீனி போடுவது குற்றம் என்று தெரிந்தும் விடவில்லை. அந்தக் கருவைப் பற்றிக் கேட்டதும் வெகுநேரம் பேசாமல் இருந்தார். அதற்கப்புறம் பழம் எடுத்துப் போகவில்லை.

*

தங்கச்சி, நான் இரவு டாக்சி ஓட்டுகிறவன். மண்டாய் ஏரிச் சாலையில் ஒருநாள் இரவு 11 மணிக்குக் கொம்போடு ஒரு கடமான் ஓரத்தில் நின்றது. விளக்கைத் தாழ்த்தி வண்டியை நிறுத்தினேன். பின்னால் இருந்த பயணியும் மூச்சுவிடவில்லை. நம் காட்டில் அழிந்துபோன இனம், 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பிய சிலவற்றின் வழியில் வந்தவைதான் இப்போது இருப்பவை என்று பிறகு படித்தேன். ஒன்று கேட்கிறேன், அதற்கு உடம்பு சரியில்லை என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

*

அண்ணே, நீங்கள் விளக்கைத் தாழ்த்தியதே பெரிய உதவி. இடுப்பெலும்பு துருத்தி நிற்கிறதா, ஒரு காலை ஊன்றாமல் நடக்கிறதா, தலை தொங்கி எச்சில் வடிகிறதா, ஆள் பக்கத்தில் வந்தும் ஓடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிட்டே போகாமல் தேசியப் பூங்காக் கழகத்துக்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். காது உங்கள் பக்கம் திரும்பி விறைத்து நின்றதா?

*

ஆமாம்மா. இரண்டு காதும். அப்புறம் ஒரே தாவு, காட்டுக்குள் போய்விட்டது.