ஏழு மாதப் பூனைக்குக் கருத்தடை: இப்பவே செய்யலாமா, ஒரு ஈத்து போகட்டுமா?

கேள்வி (காவேரிப்பட்டினம்):
நாட்டுப் பூனை, பெண், ஏழு மாசம், எடை 2.4 கிலோ. நாலு நாளா ராத்திரி முழுக்கக் கத்துது, பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டுத் தரையில உருளுது. ஒரு தடவை குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லதுன்னு வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க. ஊசி போட்டாலே கத்தல் நின்னுடும்னு இன்னொருத்தர். மயக்கம் கொடுத்து எழாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு. என்ன செய்யலாம்?

பதில் (பாலக்கோடு):
அக்கா, ஒரு ஈத்து போனா நல்லதுங்கிறதுக்கு ஆதாரமே இல்லை. தள்ளிப்போடறதுலதான் நஷ்டம். ஆறு மாசத்துக்குள்ள கருத்தடை செஞ்ச பூனைக்கு மடிக்கட்டி வர வாய்ப்பு சுமார் 91 சதவீதம் குறையுது, ஒரு வருஷத்துக்குள்ள செஞ்சா 86. ரெண்டு வயசுக்கு மேல செஞ்சா அந்தப் பலன் இல்லை. பூனைக்கு வர மடிக்கட்டியில பெரும்பாலானது புற்றுநோய். கர்ப்பப்பையில சீழ் கோக்கிற ஆபத்தும் ஆபரேஷனோட போயிடும்.

அந்த ஊசி வேண்டவே வேண்டாம். அது ஹார்மோன். சீழ், மடிக்கட்டி, சர்க்கரை நோய் மூணுக்குமே வழி விடும்.

இந்தக் கத்தல் இணை தேடுற பருவத்தோட அறிகுறி. அப்ப கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம், அதனால இப்ப அறுக்காதீங்க. ஒரு வாரம் போல இருந்து அடங்கும், இணை சேரலைன்னா ரெண்டு மூணு வாரத்துல திரும்ப வரும். அந்த இடைவெளியில நாள் குறிங்க. அதுவரை ஓட்டுச் சந்து, வென்டிலேட்டர் எல்லாத்தையும் கோழிவலை வச்சு அடைங்க.

பதில் (ஓசூர்):
மயக்கத்துக்குப் பயப்படறதை விட டாக்டர்கிட்ட கேட்க வேண்டியதைக் கேளுங்க. தராசுல எடை பார்த்துத்தான் மருந்து அளப்பாரா? ஊசி மயக்கமா, கேஸா? முழிக்கிற வரைக்கும் கூட ஆள் இருப்பாங்களா? ஊசி மயக்கத்துல கண் திறந்தே இருக்கும், காய்ஞ்சு புண்ணாகாம இருக்கக் களிம்பு போடணும். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துடும், குளிர்ந்தா தெளியவும் நேரமாகும். எங்க பக்கம் மார்கழிக் குளிர்ல துணி சுத்தின வெந்நீர் பாட்டில் கட்டாயம்.

தடுப்பூசி போடலைன்னா முதல்ல அது, ரெண்டு வாரம் கழிச்சு ஆபரேஷன். கூண்டு இல்லையா? ரெண்டு மாம்பழ கிரேட்டை வாயோட வாய் கவுத்துக் கட்டுங்க. பஸ்ஸுக்கு அது போதும்.

கேள்வி கேட்டவர்:
காலை 9 மணிக்குன்னா சாப்பாடு எப்ப நிறுத்தணும்?

பதில் (ஓசூர்):
ராத்திரி படுக்கப் போறப்ப கொடுத்துட்டுக் கிண்ணத்தை எடுத்துடுங்க. தண்ணி காலை வரைக்கும் இருக்கட்டும். வயித்துல உணவு இருந்தா வாந்தி நுரையீரலுக்குப் போகும். எலி, பல்லி பிடிச்சுத் தின்னாலும் அதே கதைதான், அதனால ஒரு அறையில பூட்டி வைங்க. நாலு மாசத்துக்குக் குறைஞ்ச குட்டியை மட்டும் இவ்வளவு நேரம் பட்டினி போடக்கூடாது, சர்க்கரை இறங்கிடும்.

பதில் (அரூர்):
வீட்டுக்கு வந்த பிறகுதான் நிறைய தப்பு நடக்குது. வலிக்குதேன்னு பாராசிட்டமால் கொடுத்துடாதீங்க! பூனையோட கல்லீரலால அதை முறிக்க முடியாது, அரை மாத்திரையே உயிரை எடுக்கும். டெட்டாலும் விஷம். மஞ்சள் அப்பினா தையல் சிவந்திருக்கிறது தெரியாது. டாக்டர் கொடுத்த மருந்து மட்டும் போதும்.

பத்து, பதினாலு நாள் கழுத்துப் பட்டை இருக்கணும், இல்லைன்னா நக்கியே தையலைப் பிரிச்சுடும். அது மலம் கழிக்கிற தட்டுல மணலுக்குப் பதிலா நாலஞ்சு நாளைக்குக் கிழிச்ச செய்தித்தாள் போடுங்க. தையல் இடத்துல சின்ன மேடு இருந்தா பயமில்லை. நீர் வடிஞ்சா, நாத்தம் வந்தா, ஈறு வெளுத்தா, ஒரு நாள் முழுக்க சாப்பிடலைன்னா காத்திருக்காம தூக்கிட்டுப் போங்க. ஆறின பிறகு தீனியைக் கால் பங்கு குறைங்க, இல்லைன்னா ஊதிடும்.

கேள்வி கேட்டவர்:
நேத்து ராத்திரி மொட்டைமாடி வழியா ஒரு மணி நேரம் வெளிய போயிடுச்சு. சினை பிடிச்சிருந்தா?

பதில் (பாலக்கோடு):
பூனைக்கு இணை சேர்ந்தாத்தான் கருமுட்டையே வெளிவரும், அதனால பிடிக்க வாய்ப்பு அதிகம். சினைக்காலம் 63 முதல் 65 நாள். மூணு வாரம் ஆனா டாக்டர் வயித்தைத் தொட்டே சொல்லிடுவார். ஆரம்பத்துல ஆபரேஷன் செய்ய முடியும், ஆனா கர்ப்பப்பை ரத்தக்குழாய் பெருத்திருக்கும். நேத்துத் தேதியைக் குறிச்சு வச்சு, மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட சொல்லிடுங்க அக்கா.