தாத்தா வீட்டுப் பிள்ளைகள் (குழு)

கிள்ளான் அத்தை: கோயில் குரூப்பில் வந்தது. ‘கை கால் விழும் நரம்பு நோய்க்கு மருந்து வந்துவிட்டது, அமெரிக்க அரசாங்கமே பணம் கொடுக்கிறது.’ அண்ணனுக்கு எழுதிப் போடலாமா?

சிவா அண்ணன்: எந்த மருந்து அத்தை?

கவிதா: பாதி உண்மை அத்தை. 2021-இல் அமெரிக்காவில், பெரியப்பாவுக்கு வந்திருக்கும் ஏஎல்எஸ் நோய்க்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். ஆண்டுக்கு 10 கோடி டாலர் வரை, 5 ஆண்டுகளுக்கு. ஆனால் அது அந்த நாட்டுக்காரர்களுக்கு. மருந்து தோஃபெர்சென், 2023-இல் அங்கே அனுமதித்தார்கள். முதுகில் ஊசி. எஸ்ஓடி1 ஜீனில் கோளாறு இருந்தால்தான் பயன், அது நூறு நோயாளிகளில் இரண்டு பேருக்குத்தான் இருக்கும்.

செந்தூல் சித்தப்பா: சுருக்கமாகச் சொல்லம்மா

கவிதா: முதலில் பெரியப்பாவுக்கு ஜீன் சோதனை.

அத்தை: நம் பரம்பரையில் யாருக்கும் இல்லையே

சித்தப்பா: தைப்பிங் சின்னத் தாத்தா? கடைசியில் நடக்கவே இல்லை

அத்தை: அவர் லோரியிலிருந்து விழுந்தவர்

சித்தப்பா: லோரி வாங்கத்தானே நிலத்தை விற்றார்கள்

பெரியம்மா: நிலப் பேச்சு வேண்டாம்

பெரியம்மா: இன்று சட்டை பட்டனைப் போட முடியாமல் பத்து நிமிடம் நின்றார். கிட்டே போனால் என் கையைத் தட்டிவிடுகிறார்

அத்தை: ஐயோ அண்ணி. வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வாழைமரம் கட்டிய கை

கவிதா: அவருக்குக் கொடுக்கும் ரிலுசோல் மருந்தை நிறுத்தாதீர்கள் பெரியம்மா. நோயை நிறுத்தாது, கொஞ்சம் தள்ளிப்போடும். அது வந்தது 1995-இல். இத்தனை ஆண்டில் எத்தனை மருந்து வந்தது? 2014-இல் இந்த நோய்க்கு நன்கொடை திரட்ட எல்லாரும் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றினார்களே, அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அடுத்த ஆண்டு யார் ஊற்றினோம்? நன்கொடை வரும், போகும். ஆராய்ச்சிக்கும் மருந்துக்கும் பட்ஜெட்டில் ஆண்டுதோறும் பணம் வேண்டும். இங்கே மலேசியாவில் 4,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வந்தால் அரிய நோய். நோயாளிகள் குறைவு, அதனால் நாம்தான் கேட்க வேண்டும். எம்.பி.க்குக் கடிதம் எழுதிவிட்டேன், கையெழுத்துப் போடுங்கள்.

சித்தப்பா: சிவா ஊற்றிவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான்

சிவா அண்ணன்: சித்தப்பா!!

அத்தை: கடிதம் மலாயில்தானே?

கவிதா: ஆமாம்

சித்தப்பா: சரி. மூச்சு மெஷினுக்கு நான் 1,000 வெள்ளி

அத்தை: நானும். ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டில் பேசுவோம். நெத்திலி சம்பல் செய்து வருகிறேன்

பெரியம்மா: விழுங்கச் சிரமப்படுகிறார். கஞ்சி போதும்

சிவா அண்ணன்: ஞாயிறு எனக்கு ஷிப்ட். இரவு என்றால் வருவேன்

அத்தை: இரவில் கிள்ளானுக்கு எப்படித் திரும்புவது?

கவிதா: கையெழுத்து யார் யார்?

பெரியம்மா: என் பெயரை முதலில் போடு. அவரும் போடுவார். பேனா பிடிக்க வராது, கைநாட்டு வைக்கிறேன் என்கிறார்

சிவா அண்ணன்: இரவு எட்டு?