1693 நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்த சிசிலியின் பரோக் நகரங்கள்

கேள்வி:
1693 ஜனவரி 11 அன்று இத்தாலியத் தீவான சிசிலியின் தென்கிழக்கைக் குலைத்த நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டதாகவும், நோட்டோ, ரகூசா, மோதிக்கா, கத்தானியா முதலிய ஊர்கள் அதன்பின் வளைவுகளும் சிற்ப அலங்காரமும் மிகுந்த ஐரோப்பியப் பரோக் பாணியில் புதிதாக எழுந்ததாகவும் படித்தேன். உற்றாரையும் வீட்டையும் இழந்து நின்றவர்கள் எளிய கட்டடங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், சிங்க, குதிரைச் சிற்பங்கள் தாங்கும் மேல்மாடங்களையும் வளைந்தெழும் தேவாலய முகப்புகளையும் ஏன் கட்டினார்கள்? இந்தப் பாணிக்கும் நிலநடுக்க அச்சத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில் 1:
தொடர்பு உண்டு, ஆனால் அது சிற்பங்களைவிடத் தெரு அமைப்பில்தான் தெளிவாகத் தெரிகிறது. அப்போது சிசிலி ஸ்பானிய ஆட்சியில் இருந்தது. மீட்புப் பொறுப்பை ஏற்ற கமாஸ்திரா பிரபு ஜுசெப்பே லான்சாவும், இராணுவப் பொறியாளர் கார்லோஸ் டி குருனென்பெர்க்கும் நகரங்களை எங்கே, எப்படி அமைப்பது என்பதையே முதலில் முடிவுசெய்தனர். மக்கள்தொகையில் பெரும்பகுதியை இழந்த கத்தானியா அதே இடத்தில் எழுந்தாலும், இடிபாடுகளுக்குத் தப்பி ஓடிவந்து நிற்க இடம் கிடைக்கும்படி, நேரான அகன்ற சாலைகளும் சதுக்கங்களும் வகுக்கப்பட்டன. நோட்டோவோ, இடம்பெயர மனமில்லாதோரின் நெடுங்கால எதிர்ப்பையும் மீறி, மலையுச்சியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் கடல் பக்கச் சரிவுக்கு மாற்றப்பட்டது. கிராம்மிக்கேலே அறுகோணச் சதுக்கத்தை நடுவில் வைத்துத் திட்டமிடப்பட்ட ஊர். வரைபடத்தில் அதைக் கட்டாயம் பாருங்கள்.

பதில் 2:
ஆடம்பரத்தைப் பொறுத்தவரை, காலத்தைக் கவனிக்க வேண்டும். நாம் வியக்கும் முகப்புகளில் பல, நிலநடுக்கத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, அடுத்த தலைமுறையினர் கட்டியவை. கட்டடக் கலைஞர் வக்கரீனியின் யானை நீரூற்று கத்தானியாவில் 1730-களில்தான் வந்தது. ரொசாரியோ கலியார்தி வடிவமைத்த ரகூசாவின் பழைய பகுதியான இப்லாவின் புனித ஜார்ஜ் தேவாலயமும் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அச்சம் ஓரளவு தணிந்து, செல்வமும் திரும்பிய பின், பிரபுக்களும் துறவற மடங்களும் பங்குத் தேவாலயங்களும் ஒன்றையொன்று விஞ்ச முனைந்ததே இந்த அழகுக்கு முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. எளிதில் செதுக்கத்தக்க, தேன்நிறச் சுண்ணாம்புக்கல் அருகிலேயே கிடைத்ததும் கல்தச்சர்களுக்கு வாய்ப்பானது. கத்தானியாவில் மட்டும் எட்னா எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல்லையும் வெண்சுண்ணாம்புக்கல்லையும் இணைத்துக் கட்டியதால் அந்நகரத்துக்குத் தனி முகம் அமைந்தது.

பதில் 3:
முகப்பைப் புகழ்வோர் சுவரின் உள்ளே இருப்பதையும் கேட்டறிய வேண்டும். நோட்டோ பேராலயத்தின் தூண்கள் வெளியே செதுக்குக்கல்லாகத் தோன்றினாலும், உள்ளே வலுவற்ற கல்துண்டு நிரப்பலே இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் மரக்கூரையை நீக்கிக் கனமான கான்கிரீட் கூரை போட்டார்கள். 1990 டிசம்பர் நிலநடுக்கம் அந்தத் தூண்களை மேலும் நலிவுறச் செய்தது. 1996 மார்ச் 13 அன்று குவிமாடமும் நடுக்கூடத்தின் பெரும்பகுதியும் சரிந்தன. நல்வேளையாக உயிரிழப்பு இல்லை. மரபுக் கல்வேலையைப் பின்பற்றியே மீண்டும் கட்டப்பட்டு, 2007இல் பேராலயம் திறக்கப்பட்டது. இதற்கிடையே, 2002இல் இப்பகுதியின் 8 நகரங்கள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தப் பட்டியலில் உள்ள மற்றத் தேவாலயங்களிலும் தூண்களின் உள்நிரப்பலைச் சோதிப்பதற்கு, முகப்புகளைத் தூய்மைப்படுத்துவதைவிட முன்னுரிமை தரவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.