பொங்கலுக்கு மதுரை போகிறோம், நாயை ரயிலில் கூட்டிப் போகலாமா, காரிலா?

வேளச்சேரிவாசி:
எங்கள் மணி நாட்டு நாய், 3 வயது, 18 கிலோ இருப்பான். ஊசி போடக் கொண்டுபோவதைத் தவிர வெளியே எங்கும் போனதில்லை, அதற்கும் ஆட்டோவில் ஏற்றினால் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை வாந்தி. போன வருஷம் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம், மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். இந்தத் தடவை விட்டுப் போக மனசு வரவில்லை. பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏசி டிக்கெட் போடலாமா? தூக்க மாத்திரை கொடுத்துவிடு என்கிறார் மச்சான், அது சரிதானா?

டாமி அப்பா:
செகண்ட் ஏசி, தேர்டு ஏசி, ஸ்லீப்பர் எதிலும் இந்த அளவு நாயை ஏற்ற விடமாட்டார்கள். ஃபர்ஸ்ட் ஏசியில் மட்டும்தான், அதுவும் இரண்டு பெர்த் கூபேயோ நான்கு பெர்த் கேபினோ முழுசாக உங்களுக்கே இருக்க வேண்டும். தனியாக கூபே கேட்டு டிக்கெட் போட வழி கிடையாது, சார்ட் வந்தால்தான் தெரியும். நாய் வருகிறது, கூபே ஒதுக்குங்கள் என்று ரயில்வேயில் முன்கூட்டியே கடிதம் கொடுக்கலாம், கொடுத்தாலும் உத்தரவாதம் இல்லை. கிடைத்துவிட்டால் டிக்கெட், தடுப்பூசி அட்டை, டாக்டரிடம் முந்தைய நாள் வாங்கிய ஃபிட்னஸ் சர்டிபிகேட் எல்லாவற்றோடும் வண்டி கிளம்ப இரண்டு மூன்று மணி நேரம் முன்னாடியே பார்சல் ஆபீஸுக்குப் போய் ரசீது போட வேண்டும்.

கிடைக்காவிட்டால் ரயில் கார்டின் பெட்டியில் இருக்கும் கூண்டுதான். ஒருமுறை டாமியை அப்படிக் கொண்டுபோனேன். இறக்கும்போது தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது, மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தவன் கையை நீட்டினாலும் வரவில்லை. அதற்கப்புறம் ரயில் பக்கமே நாங்கள் போகவில்லை.

ரெண்டு நாய் அக்கா:
தம்பி, கார் இருந்தால் காரிலேயே போங்கள். தூக்க மாத்திரை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், மூச்சும் உடம்புச் சூடும் தாறுமாறாகலாம், நிற்கும்போது தடுமாறி விழும். வாந்திக்கு என்றே தனி மாத்திரை இருக்கிறது, டாக்டர் எடை பார்த்து எழுதித் தருவார்.

ஆனால் மாத்திரையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மணிக்கு வண்டி என்றாலே ஊசிதான், வேறு எதற்கு ஏறியிருக்கிறான்? இன்றைக்கே ஆரம்பியுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கதவைத் திறந்து வைத்து, பின் சீட்டில் அவன் படுக்கும் பழைய போர்வையைப் போட்டு, சோற்றை அங்கேயே வையுங்கள். நாலு நாள் கழித்து தெருவை ஒரு சுற்று, அப்புறம் பள்ளிக்கரணை வரை, அப்புறம் பீச். இறங்கும் இடத்தில் அவனுக்குப் பிடித்தது ஏதாவது இருக்க வேண்டும்.

கிளம்பும் அன்று நாலைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. கழுத்துப்பட்டையில் கட்டாமல் மார்போடு போடும் ஹார்னஸை சீட் பெல்ட்டில் மாட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், ஆனால் கயிற்றைக் கையில் பிடித்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடையில் என் இரண்டு நாய்களில் சின்னவள் திறந்த கதவு வழியாகப் பாய்ந்து, நாலு வழிச் சாலையின் நடுத் திட்டில் போய் நின்றாள். நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போகாதீர்கள், பத்து நிமிஷம் போதும் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும், ஜனவரி என்றாலும்தான்.

மாட்டுத்தாவணி:
மதுரைக்கு வந்த பிறகும் இரண்டு நாள் கட்டியே வையுங்கள். புது இடம், பொங்கல் சத்தம் வேறு, கேட் திறந்திருந்தால் ஓடிவிடும். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதித் தொங்க விடுங்கள். வெறிநாய்க்கடி ஊசி எப்போது போட்டது என்று அட்டையைப் பாருங்கள், வருஷம் தாண்டியிருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள்.

வேளச்சேரிவாசி:
அனைவருக்கும் நன்றி. கார்தான். அக்கா சொன்ன மாதிரி சாயங்காலம் பின் சீட்டில் தயிர் சாதம் வைத்தேன். முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்து, பின்னங்கால் தரையை விடாமல், அப்படியே எட்டித் தின்றுவிட்டுப் போய்விட்டான். நாளைக்குக் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கப் போகிறேன்.