மழை வந்தால் வாசல் கேட் முழுசாக மூடவில்லை, உதவுங்கள்

கோவில்பட்டி பக்கம் வீடு. வாசலில் இரட்டைக் கதவு இரும்பு கேட், அகலம் 10 அடி. கோடையில் ஒரு குறையும் இல்லை, ஐப்பசி மழை பிடித்ததும் இரண்டு கதவும் மேலே முட்டிக்கொள்கின்றன, கீழே விரல் நுழைகிற அளவு இடைவெளி, தாழ்ப்பாளும் துளையில் போய் உட்காருவதில்லை. கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். வீட்டில் 2 வயதுப் பையன், வெளியே பஸ் போகிற ரோடு, அதுதான் பயம். வெல்டிங்காரர் முட்டுகிற இடத்தைக் கிரைண்டரால் தேய்த்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில் 1:
தேய்க்காதீர்கள் தம்பி. கதவைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், கீலில் ஆட்டம் இருந்தால் அதற்குள் இருக்கும் இரும்பு முளை தேய்ந்திருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு கதவையும் டேப் வைத்து மூலைக்கு மூலை குறுக்கே அளங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் சரி. வித்தியாசம் வந்தால் சட்டம் தொய்ந்துவிட்டது, கீழ்க் கீல் மூலையிலிருந்து எதிர் மேல்மூலைக்கு ஆங்கிள் பட்டி ஒன்று வெல்டிங் செய்ய வேண்டும்.

பதில் 2:
கோடையில் சரியாகி மழையில் கெடுகிறது என்றால் எனக்குத் தூண் மேல்தான் சந்தேகம். அங்கே கரிசல் மண், ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், அஸ்திவாரம் ஆழமில்லாத தூண் அதோடு சேர்ந்து அசையும். தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். தூண் அடியில் மாடித் தண்ணீர் விழுகிறதா என்றும் பாருங்கள். இப்போது தேய்த்துவிட்டால் பங்குனியில் அந்த இடம் இளித்துக்கொண்டு நிற்கும்.

கேட்டவர்:
அண்ணா, பார்த்துவிட்டேன். கீலில் ஆட்டம் இல்லை, குறுக்களவும் ஒன்றுதான். ஆனால் இடது தூண் மேலே 1 அங்குலம் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது, மாடிக் குழாய் தண்ணீரும் நேராக அதன் காலடியில்தான் விழுகிறது. இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

பதில் 2:
அதுதான். முதலில் குழாயை நீட்டித் தண்ணீரைத் தள்ளி விடுங்கள். மண் காய்ந்த பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டுத் தூணை நிமிர்த்தி, இரண்டு தூணையும் தரைக்கு அடியில் கம்பி கட்டிய கான்கிரீட் பீமால் இணைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் ஒன்றை நோக்கி ஒன்று சாயாது. அதுவரை கல்லை நம்ப வேண்டாம், பையன் தள்ளினாலே நகர்ந்துவிடும். சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.

கேட்டவர்:
சரி அண்ணா. சங்கிலி இப்போதே போட்டாச்சு, குழாய்க்கு நாளைக்கு ஆள் வருகிறார்.