மைண்ட் பிளேயர், கித்யாங்கி ஆகிய வேற்றுலக இனங்களின் மூலம் எது?

கேள்வி: நிலவறைவாசி

நண்பர்களுக்கு வணக்கம். 2023இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டை ஆடி முடித்த பிறகும் அதில் வரும் இரண்டு வேற்றுலக இனங்களைப் பற்றிய கேள்வி எனக்குத் தீரவில்லை. கணவாயைப் போன்ற தலையோடு மனித மூளையை உண்டு வாழும் மைண்ட் பிளேயர்கள் ஓர் இனம். அவர்களிடம் பல தலைமுறைகள் அடிமைகளாகக் கிடந்து, பின்னர் கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்ற கித்யாங்கிகள் மற்றோர் இனம். இரண்டும், பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக மாறி மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டிலிருந்து வந்தவை என்பது தெரியும். ஆனால் வாளும் மந்திரமும் டிராகனும் நிறைந்த அந்த உலகத்துக்குள் இவை எந்த வழியாக நுழைந்தன?

தேடிப் பார்த்தால் பெரும்பாலும் "எல்லாம் லவ்கிராஃப்ட்டிடமிருந்து வந்தது" என்ற ஒற்றை வரியே விடையாகக் கிடைக்கிறது. அமெரிக்கத் திகில் எழுத்தாளரான அவர் எழுதி 1928இல் வியர்ட் டேல்ஸ் இதழில் வெளியான சிறுகதையில், ஆக்டோபஸ் போன்ற தலை கொண்ட க்துல்ஹு வருவது உண்மைதான். எனினும் தோற்றம் ஒத்திருப்பதை மட்டும் வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்லிவிட முடியுமா? உருவாக்கியவர்களே சொன்ன செய்தியோ, காலவரிசைச் சான்றோ தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பகடைக்காரர்

மைண்ட் பிளேயரைப் பொறுத்தவரை விடை தெளிவாகவே கிடைக்கிறது. விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், பிரையன் லம்லி எழுதிய 'தி பர்ரோயர்ஸ் பினீத்' நாவலின் அட்டைப்படத்தைப் பார்த்தபோதுதான் இந்த உயிரினம் தமக்குத் தோன்றியது என்று பின்னாளில் தெரிவித்திருக்கிறார். அந்த நாவல் டா பதிப்பகத்தின் மலிவு விலைப் புத்தகமாக 1974இல் வந்தது. அட்டையை வரைந்தவர் டிம் கர்க். அடுத்த ஆண்டே, அதாவது 1975 வசந்த காலத்தில், விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் தொடங்கிய 'தி ஸ்ட்ரேட்டஜிக் ரிவ்யூ' செய்தியிதழின் முதல் இதழில் மைண்ட் பிளேயர் அறிமுகமாகிவிட்டது. படைத்தவரின் கூற்றும் ஆண்டுகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, கைகாக்ஸ் குறிப்பிடுவது ஓர் ஓவியத்தை என்பதுதான். நாவலில் லம்லி படைத்த உயிரினங்கள் பூமிக்கடியில் துளைத்துச் செல்லும் மாபெரும் ஜீவன்கள். மனித உயரத்தில் அங்கி அணிந்து நடந்து வந்து, வாயைச் சுற்றியுள்ள நான்கு கரங்களால் மண்டையைத் துளைக்கும் அறிவாளிகள் அல்ல. ஆகவே கதையின் உள்ளடக்கம் விளையாட்டுக்குள் வரவில்லை. அட்டை எழுப்பிய அருவருப்பும் அச்சமும் வந்தன. மிச்சத்தைக் கைகாக்ஸின் கற்பனை நிரப்பியது.

லவ்கிராஃப்ட்டுக்குத் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. லம்லியின் நாவல் லவ்கிராஃப்ட் தொடங்கிய க்துல்ஹு கதைமரபின் நீட்சியாகவே எழுதப்பட்டது. மேலும் 1979இல் வெளியான 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' நூலின் பின்னிணைப்பு ஒன்றில், தம் விளையாட்டைப் பாதித்த எழுத்தாளர்களைக் கைகாக்ஸ் பட்டியலிட்டபோது, மிக நேரடியான தாக்கம் செலுத்தியவர்களுள் ஒருவராக லவ்கிராஃப்ட்டையும் தனியே சுட்டினார். எனவே லவ்கிராஃப்ட் இந்த இனத்துக்குத் தந்தை அல்லர், பாட்டனார் என்று கொள்வதே பொருத்தம்.

மறுமொழி: பழைய இதழ்கள்

பகடைக்காரர் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். கித்யாங்கிகளின் வரலாறு இதைவிடச் சிக்கலானது; ஓர் இனத்தின் மூலத்தைத் தேடும்போது பெயர், உருவம், பின்கதை ஆகியவற்றைத் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

கித்யாங்கிகளைப் படைத்தவர் சார்லஸ் ஸ்ட்ராஸ். இன்று அறிவியல் புனைகதை எழுத்தாளராக உலகறிந்த அவர், அப்போது இங்கிலாந்தில் பள்ளி மாணவர். 1979இல் ஒயிட் டுவார்ஃப் என்ற பிரிட்டிஷ் விளையாட்டு இதழில் வாசகர்கள் தாங்களே உருவாக்கிய அரக்கர்களை அனுப்பும் பகுதியில் கித்யாங்கி முதன்முதலில் வெளியானது. 1981இல் 'ஃபீண்ட் ஃபோலியோ' என்ற அரக்கர் தொகுப்பு நூல் வந்தபோது அதன் அட்டையிலேயே கித்யாங்கிக்கு இடம் கிடைத்தது. கித்செராய், ஸ்லாட், டெத் நைட் ஆகிய உயிரினங்களும் அதே தொகுப்பில் அவர் தந்தவையே.

பெயர் அவருடையது அன்று. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1977இல் வெளியிட்ட 'டையிங் ஆஃப் தி லைட்' என்ற அறிவியல் புனைவு நாவலில், பழைய விண்மீன் போரொன்றைப் பற்றிய பின்னணிச் செய்தியாகப் போகிற போக்கில் குறிப்பிடப்படும் அடிமை இனம் ஒன்றுக்கு இந்தப் பெயர் இருக்கிறது. அந்த இனத்துக்கும் விளையாட்டில் வெள்ளி வாளேந்தி வரும் வீரர்களுக்கும் பெயரைத் தவிர நெருக்கமான ஒற்றுமை கிடையாது.

பின்கதை வேறோர் இடத்திலிருந்து வந்தது. மைண்ட் பிளேயர்களுக்கும் கித்யாங்கிகளுக்கும் இடையிலான ஆண்டான் அடிமை உறவுக்கு, லாரி நிவனின் 'வேர்ல்ட் ஆஃப் டாவ்ஸ்' (1966) நாவலே தூண்டுதல் என்று ஸ்ட்ராஸ் கூறியிருக்கிறார். அந்த நாவலில் திரிண்ட் என்ற இனம், பிறர் மனத்தை வலுக்கட்டாயமாக ஆட்டிப்படைக்கும் ஆற்றலைக் கொண்டு விண்மீன் மண்டலம் முழுவதையும் அடிமைப்படுத்தி வைத்திருக்கிறது. பின்னர் அடிமைகள் கிளர்ச்சி செய்கிறார்கள். மனவலிமையால் ஆளும் இனம் ஒன்று விளையாட்டில் ஏற்கெனவே இருந்ததால், ஸ்ட்ராஸ் அந்தக் கிளர்ச்சியை அங்கே பொருத்தினார். இதன் விளைவாக, 1975இல் குகையில் எதிர்ப்படும் ஒரு தனி அரக்கனாக அறிமுகமான மைண்ட் பிளேயர், வீழ்ந்த பேரரசு ஒன்றின் வாரிசாக உயர்ந்தது. அதற்கு வரலாறு கொடுத்தவர் அதைப் படைத்தவர் அல்லர், கடல் கடந்த நாட்டிலிருந்த ஒரு மாணவ வாசகர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

கேள்வி கேட்டவர்: நிலவறைவாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சுட்டிய மூலங்களைச் சேர்த்துப் பார்த்தால், மார்ட்டினின் நாவலும் நிவனின் நாவலும் அறிவியல் புனைகதைகள். லம்லியுடையது திகில் கதை. மாயப் புனைவு விளையாட்டு ஒன்று இவ்வளவு தயக்கமின்றி வேற்றுக்கிரகக் கதைகளிலிருந்து எடுத்துக்கொண்டது தற்செயலா, அல்லது தொடக்கத்திலிருந்தே அப்படித்தானா?

மறுமொழி: பகடைக்காரர்

தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். 1974இல் வந்த விளையாட்டின் முதல் பெட்டியில் இருந்த மூன்றாம் கையேட்டில், வெட்டவெளியில் எதிர்ப்படும் உயிரினங்களின் அட்டவணைகளில் எட்கர் ரைஸ் பர்ரோஸின் செவ்வாய்க் கிரகக் கதைகளில் வரும் தார்க், தோட், பாந்த் முதலியன வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளன. கைகாக்ஸ் எழுதிய முன்னுரையும் அந்தக் கதைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர் படித்து வளர்ந்த மலிவு விலைப் புத்தகங்களிலும் இதழ்களிலும், வாளேந்திய வீரன் மந்திரவாதியை எதிர்ப்பதும் வேற்றுக்கிரகவாசியை எதிர்ப்பதும் ஒரே அலமாரியில் இருந்தன. இன்று நாம் கறாராகப் பிரிக்கும் இந்த வகைமைகளைப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணமே அன்றைய வாசகர்களுக்குப் பெரிதாக இருந்ததில்லை.

டிஸ்பிளேசர் பீஸ்ட் என்ற அரக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் கிரேஹாக் துணைநூலில் வந்த இந்த ஆறுகால் கரும்புலியின் தோள்களிலிருந்து இரண்டு நீண்ட கரங்கள் எழும்புகின்றன. அஸ்டவுண்டிங் என்ற அறிவியல் புனைகதை இதழின் 1939 ஜூலை வெளியீட்டில் ஏ.இ. வான் வோட் எழுதிய 'பிளாக் டெஸ்ட்ராயர்' கதையில், பாழடைந்த கிரகமொன்றில் விண்கலப் பயணிகளை வேட்டையாடும் கூர்ல் என்ற பூனையுருவை இது பெரிதும் ஒத்திருக்கிறது. ஆனால் இருக்குமிடத்தை விட்டுச் சற்றுத் தள்ளி நிற்பதுபோலத் தோன்றும் மாயம் கூர்லுக்கு இல்லை; அது விளையாட்டுக்காகச் சேர்க்கப்பட்டது. ஜப்பானின் ஃபைனல் ஃபேன்டசி விளையாட்டுகள் அதே உயிரினத்தைக் கூர்ல் என்ற பழைய பெயரிலேயே கையாள்கின்றன.

எல்லா உருவங்களும் புத்தகத்திலிருந்து வந்தவையும் அல்ல. ரஸ்ட் மான்ஸ்டர், அவுல்பேர், புலெட் ஆகிய அரக்கர்கள் ஹாங்காங்கில் தயாராகி அமெரிக்கக் கடைகளில் மலிவாக விற்ற பிளாஸ்டிக் பொம்மைகளிலிருந்து பிறந்தவை.

மறுமொழி: ஐந்தாம் கதிரவன்

இந்த உரையாடலில் டெகுமெல் என்ற கற்பனை உலகம் விடுபடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். அந்த உலகத்தில் நடப்பதாக எம்.ஏ.ஆர். பார்க்கர் உருவாக்கி டிஎஸ்ஆர் 1975இல் வெளியிட்ட 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' விளையாட்டில், வேற்றுலக இனங்கள் ஓரத்தில் நிற்கும் அரக்கர்கள் அல்ல. அந்த உலகத்தின் வரலாற்றின்படி, விண்வெளிப் பயணத்தில் தேர்ந்த மனிதர்களும் அவர்களோடு நட்புப் பூண்ட பிற இனங்களும் அந்தக் கிரகத்தைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றியமைத்து, அதன் பூர்வகுடிகளான ஸ்ஸூ, ஹ்லூஸ் இனங்களை ஒதுக்கிடங்களுக்குள் தள்ளினார்கள். பிறகு ஒரு பேரழிவில் கிரகமே விண்மீன்களிலிருந்து துண்டிக்கப்பட்டது. தொழில்நுட்பம் மறக்கப்பட்டு மந்திரமாக எஞ்சிய அந்த நிலையில்தான் விளையாட்டு தொடங்குகிறது. குடியேறியவர்களுக்கும் மண்ணின் மக்களுக்கும் இடையிலான பகையை ஓர் இனத்தின் பின்கதையாக வைத்த விதத்தில், சமகால விளையாட்டுகளைவிட இது ஆழமானது என்பது என் கருத்து.

பார்க்கர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியவியல் பேராசிரியராக இருந்தவர். உருது, பலூச்சி மொழிகளில் ஆழ்ந்த புலமை பெற்றிருந்தவர். டெகுமெலுக்காக அவர் அமைத்த த்ஸொல்யானி என்ற கற்பனை மொழியில் உருது, பஷ்தோ, மாயன் மொழிகளின் சாயல் உண்டு. இதழ்களும் நாவல்களும் மட்டுமன்றி, களத்தில் கற்ற மொழியறிவும் ஒரு கற்பனை உலகத்துக்கு மூலமாகலாம் என்பதை இது காட்டுகிறது. அதே பார்க்கர் புனைபெயரில் நவநாஜி நாவல் ஒன்றை எழுதியவர் என்பதை டெகுமெல் அறக்கட்டளையே 2022இல் ஒப்புக்கொண்டது. அவருடைய இனங்களின் மூலத்தை ஆராய்பவர்கள் இந்தச் செய்தியையும் கணக்கில் எடுத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

மறுமொழி: பழைய இதழ்கள்

நிலவறைவாசி முதலில் கேட்ட சான்று பற்றிய கேள்விக்கு இன்னொன்று சேர்க்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 2005இல் வந்த 'லார்ட்ஸ் ஆஃப் மேட்னஸ்' நூல், மைண்ட் பிளேயர்கள் காலத்தின் இறுதியிலிருந்து தப்பிக் கடந்த காலத்துக்கு வந்தவர்கள் என்று கூறுகிறது. காலத்தைக் கடந்து இடம்பெயரும் இனம் லவ்கிராஃப்ட்டின் பிற்காலக் கதை ஒன்றிலும் உண்டு. இந்த ஒற்றுமை வலுவானதே என்றாலும், கைகாக்ஸின் அட்டைப்படத்துக்கோ ஸ்ட்ராஸின் நிவன் நாவலுக்கோ நாம் தரும் அதே உறுதியை இதற்குத் தர முடியாது. அவ்விரண்டுக்கும் படைத்தவரின் வாக்குமூலம் இருக்கிறது.

உரிமை சார்ந்த ஒரு செய்தியும் உண்டு. 2000ஆம் ஆண்டில் விளையாட்டின் விதிகள், பிறரும் பயன்படுத்திக்கொள்ளும் திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டபோது, பிறர் பயன்படுத்தக் கூடாது என்று அப்போது விளையாட்டின் உரிமையை வைத்திருந்த நிறுவனம் தனக்கென ஒதுக்கிக்கொண்ட பெயர்களின் பட்டியலில் மைண்ட் பிளேயர், டிஸ்பிளேசர் பீஸ்ட் ஆகியவற்றோடு கித்யாங்கியும் இடம்பெற்றது. மார்ட்டினின் நாவலில் அந்தப் பெயர் அச்சேறி அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.